அறிவுரை மலிந்த அலைவரிசையில் ஆலோசனைக்குப் பஞ்சம்

தமிழில் அறிவுரை, ஆலோசனை என்னும் இரு சொற்களுக்கும் அகராதிகள் ஏறக்குறைய ஒரே பொருளைத் தருகின்றன. வழக்கு அவ்வாறு கொள்வதில்லை. அறிவுரை கேளாமலே வந்து சேர்வது. ஆலோசனை, ஒருவர் தம் இக்கட்டை எடுத்துரைத்துக் கேட்கும்போது கிடைப்பது. அறிவுரை கூறுவதற்கு எதிரில் இருப்பவரின் நிலைமை தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஆலோசனையோ அது தெரியாமல் ஓர் அடிகூட எடுத்து வைக்க இயலாதது.

இந்திய நகரங்களின் தனியார் பண்பலை வானொலியை ஒரு நாள் முழுதும் கேட்பவருக்கு இவ்வேறுபாடு எளிதில் புலப்படும். திரைப்பாடல்களுக்கு இடையே காலையில் தன்னம்பிக்கை, மாலையில் பொறுமை, இரவில் காதல் தோல்வியைத் தாங்கும் மனவலிமை என அறிவுரை தாராளமாக வழங்கப்படுகிறது. கணவரை இழந்த பெண் வாரிசுச் சான்றிதழுக்கு எந்த அலுவலகத்தில் எந்தெந்த ஆவணங்களோடு விண்ணப்பிக்க வேண்டும்? வீட்டைக் காலி செய்த பின்னும் முன்பணத்தைத் திருப்பித் தராத உரிமையாளரிடமிருந்து அதைப் பெறும் வழி என்ன? பாம்பு கடித்தவரை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் வரை செய்யக்கூடாதவை எவை? இவ்வினாக்களுக்கு அந்த ஒலிபரப்பில் அநேகமாக இடமே இல்லை.

இவ்விடைகள் கைப்பேசியில் கிடைக்கின்றனவே, வானொலியில் எதற்கு என்று கேட்பது இயல்பு. தகவல் கிடைப்பது ஒன்று. வல்லுநர் ஒருவர், சாதாரண மனிதரின் வினாவுக்கு, அவருடைய மொழியிலேயே, ஊரார் அனைவரும் கேட்க விடையளிப்பது மற்றொன்று. இரண்டாவதை வேறெந்த ஊடகமும் வானொலி அளவுக்கு மலிவாகவும் எளிதாகவும் செய்ததில்லை. அது மங்குவதால் ஏற்படும் இழப்பு தகவலின் இழப்பன்று. நம் மொழிகள் நடைமுறை அறிவைப் பேசிப் பழகும் பொதுவிடத்தின் இழப்பு.

இந்திய வானொலி இவ்வாற்றலை அறியாதிருந்ததில்லை. 1956இல், அன்றைய பம்பாய் மாநிலத்தில், புணே நிலையத்தின் ஒலிபரப்பை மையமாகக் கொண்டு யுனெஸ்கோவின் துணையுடன் ஒரு சோதனை நடந்தது. ஐந்து மாவட்டங்களில் 150 சிற்றூர்களில் கேட்போர் குழுக்கள் அமைக்கப்பட்டன. வாரம் இருமுறை, பத்து வாரங்களுக்கு, மொத்தம் இருபது நிகழ்ச்சிகள் ஒலிபரப்பாயின. குழுவினர் ஒன்றாக அமர்ந்து கேட்டனர், கேட்டதை விவாதித்தனர், எழுந்த ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்பினர், அவற்றுக்கான விடைகள் பின்வந்த நிகழ்ச்சிகளில் ஒலித்தன. டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் இதனை மதிப்பிட்டது. குழு இருந்த ஊர்கள், வானொலிப் பெட்டி இருந்தும் குழு இல்லாத ஊர்கள், வானொலியே இல்லாத ஊர்கள் என மூவகையும் ஒப்பிடப்பட்டன. குழு இருந்த ஊர்களில் அறிவு வளர்ச்சி குறிப்பிடத்தக்க அளவில் மிகுந்திருந்தது. பெட்டி மட்டும் இருந்த ஊர்கள் அவற்றுக்கு மிகவும் பின்தங்கின. வெறும் கேட்பு போதாது, கேள்வியும் மறுமொழியும் வேண்டும் என்பதை இந்நாடு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பே ஆய்வு வழியாக அறிந்துவிட்டது.

அடுத்த பத்தாண்டில் ஆகாசவாணியின் பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் தோன்றின. தஞ்சை மாவட்டத்தில் ஏடிடி 27 என்னும் குறுகிய கால நெல் இரகம் பரவியபோது, திருச்சிராப்பள்ளி நிலையம் அதைப் பற்றி இடைவிடாது பேசியது. உழவர்கள் அந்நெல்லுக்கு ‘ரேடியோ நெல்’ என்றே பெயரிட்டனர். ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் எண்ணிட்ட கண்டுபிடிப்பு, ஊர் வழக்கில் அதனை அறிமுகம் செய்த ஊடகத்தின் பெயரால் வழங்கலாயிற்று. சொல்லாக்க வரலாற்றில் இது சிறியதொரு நிகழ்வே. ஆயினும் அறிவு எந்த வழியாக ஊருக்குள் நுழைந்தது என்பதை மக்கள் எவ்வளவு துல்லியமாகக் கவனித்திருந்தனர் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அக்காலத்தைப் பொற்காலமாக்கிப் பாட வேண்டியதில்லை. அந்நிகழ்ச்சிகளில் பல, எழுதி வைத்துப் படிக்கப்பட்ட உரைகள். கேட்போரின் வழக்கிலிருந்து வெகுதொலைவில் நின்ற நடை. பயிரும் பூச்சிக்கொல்லியும் ஆண்களுக்கு, சமையலும் குழந்தை வளர்ப்பும் பெண்களுக்கு என்னும் பிரிவினை வயலில் நாற்று நட்ட பெண்களைக் காணவே இல்லை. ஆலோசனை என்ற பெயரில் அரசுத் திட்டங்களின் விளம்பரமும் ஒலித்தது. இருந்தும், நடைமுறை வாழ்வின் வினாக்களுக்கு விடை சொல்வது வானொலியின் கடமைகளுள் ஒன்று என்னும் கொள்கையாவது அங்கே இருந்தது. இன்றும் ஆகாசவாணி 23 மொழிகளிலும் 179 வட்டார வழக்குகளிலும் ஒலிபரப்புவதாகக் கூறிக்கொள்கிறது. மாநிலத்தின் ஒரு நிலையம் தயாரிப்பதை ஏனைய நிலையங்கள் அஞ்சல் செய்யும் வழக்கம் வளர வளர, அவ்வெண்ணிக்கைக்குப் பின்னால் இருக்க வேண்டிய உள்ளூர்க் குரல் குறைகிறது. ஆலோசனை என்பது உள்ளூர்ச் சரக்கு. நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள மண்ணையும் அலுவலகத்தையும் பற்றிய விடை, தகவலாக இருக்கலாம், ஆலோசனையாகாது.

தனியார் பண்பலைக்கு வருவோம். 2001இல் பெங்களூரில் முதல் தனியார் நிலையம் ஒலிக்கத் தொடங்கியது. அன்றுதொட்டு அந்நிலையங்கள் மீது கூறப்படும் ஒரே பெரிய குறை, அவை சொந்தமாகச் செய்தி தயாரித்து ஒலிபரப்ப முடியாது என்பது. தடையை நீக்கலாம் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே 2023இல் பரிந்துரைத்தது. செய்தியுரிமை தேவையான ஒன்றுதான். ஆனால் இவ்விவாதத்தின் நிழலில் ஓர் உண்மை மறைந்துவிடுகிறது. 2011ஆம் ஆண்டின் மூன்றாம் கட்டக் கொள்கை, செய்தியாகக் கருதப்படாதவை எவை என்று ஒரு பட்டியலே தருகிறது. போக்குவரத்து, வானிலை, தேர்வுகளும் முடிவுகளும், கல்லூரிச் சேர்க்கை, தொழில் வழிகாட்டல், வேலைவாய்ப்பு, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர், உள்ளாட்சி வழங்கும் உடல்நல எச்சரிக்கைகள் ஆகியன அதில் அடங்கும். அதாவது, நடைமுறை ஆலோசனைக்கு உரிய பொருள்களுள் பெரும்பகுதி வெளிப்படையாகவே அனுமதிக்கப்பட்டுள்ளது. சட்டம் பூட்டியிருப்பது ஓர் அறையை மட்டுமே. திறந்திருக்கும் பல அறைகளில் எவரும் நுழையவில்லை.

காரணம் பொருளாதாரத்தில் இருக்கிறது. ஏலத்தில் பெருந்தொகை கொடுத்து அலைவரிசை பெற்ற நிறுவனம் அதனை விளம்பரத்தால் மீட்க வேண்டும். பாடல் எவரையும் விலக்காது. குடும்ப அட்டையில் பெயர் சேர்ப்பது பற்றிய பத்து நிமிட உரையாடல், அதற்குத் தேவையில்லாத கேட்பவரை அடுத்த அலைவரிசைக்குத் தள்ளிவிடும் என்று நிலையம் அஞ்சுகிறது. வல்லுநரைத் தேடுவதற்கும், அவர் கூறுவதைச் சரிபார்ப்பதற்கும் ஆள் வேண்டும். ஒரே தொகுப்பாளர் நான்கு மணி நேரம் பேசும் அமைப்பில் அதற்கு ஊதியம் இல்லை. எனவே ஆலோசனை என்ற பெயரில் நிலையங்களில் எஞ்சுவது, பெரும்பாலும் விலை கொடுத்து வாங்கப்பட்ட நேரம்தான். கேள்வி கேட்பவரையும் விடை சொல்பவரையும் விற்பனையாளரே ஏற்பாடு செய்யும்போது அது ஆலோசனை போன்று ஒலிக்கும் விளம்பரமாகிவிடுகிறது. தீராத நோய்களைத் தீர்ப்பதாகச் சொல்லும் விளம்பரங்களுக்கு எதிராக 1954ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு இது. உண்மையான ஆலோசனை இல்லாத இடத்தில் போலி ஆலோசனை குடியேறும் என்பதை அன்றே அறிந்திருந்தது என்று கொள்ளலாம்.

பண்பலையில் தொலைபேசி அழைப்புகளுக்குக் குறைவில்லையே என்று ஒருவர் மறுக்கலாம். அங்கேதான் நன்னூலார் கைகொடுக்கிறார். வினாவை அறுவகையாகப் பகுத்த அவர், விடை தெரிந்தே கேட்பதை அறிவினா என்றும், தெரியாமல் கேட்பதை அறியாவினா என்றும், இதுவோ அதுவோ என மயங்கிக் கேட்பதை ஐயவினா என்றும் பெயரிட்டார். பண்பலையின் போட்டி நிகழ்ச்சிகளில் ஒலிப்பது அறிவினா. கேட்பவர் தொகுப்பாளர், விடை அவர் கையில் இருக்கிறது, மக்களின் வேலை அதை ஊகித்துப் பரிசு பெறுவது. பாடல் விருப்பம் தெரிவிக்கும் அழைப்பு, இருக்கிறதா, தருவீர்களா என்னும் கொளல்வினாவுக்கு நெருங்கியது. அறியாவினாவையும் ஐயவினாவையும் மக்கள் கேட்க, அறிந்தவர் விடை தேடும் தருணமே அரிதாகிவிட்டது. யார் யாரைக் கேட்கலாம் என்பது அதிகாரத்தின் இலக்கணம். அறிவினாவால் நிரம்பிய அலைவரிசையில் மக்கள் எப்போதும் தேர்வு எழுதுபவர்கள். கேள்வி கேட்கும் உரிமை உடையவர்களல்லர்.

ஆலோசனை நிகழ்ச்சியின் தனித்தன்மையை மொழியியல் நன்கு அறியும். ஆலன் பெல் 1984இல் வெளியிட்ட கட்டுரை, நியூசிலாந்து வானொலியில் ஒரே செய்தி வாசிப்பாளர் இரு நிலையங்களில் வாசிக்கும்போது, கேட்போருக்கேற்பத் தம் ஒலிப்பை மாற்றிக்கொள்வதைக் காட்டியது. பேச்சின் நடை பேசுபவரின் சொத்து மட்டுமன்று. யாரை நோக்கிப் பேசுகிறோம், வேறு யார் கேட்கிறார்கள் என்பவற்றால் வடிவம் பெறுவது என்பது அவர் கொள்கை. இயன் ஹட்ச்பி 1995இல் தொலைபேசி வழி ஆலோசனை நிகழ்ச்சிகளையே ஆராய்ந்தார். வல்லுநர் அழைத்தவரின் வினாவுக்கு விடை கூறுவதோடு நில்லாமல், கேட்டுக்கொண்டிருக்கும் ஏனையோருக்கும் பயன்படும்படி விடையை விரித்துச் செல்வதை அவர் எடுத்துக்காட்டினார். ஒருவருக்கான மருந்து; ஆயினும் அது ஊருக்கே பரிமாறப்படுகிறது.

எடுத்துக்காட்டாக ஓர் உரையாடலைக் கற்பனை செய்து பார்க்கலாம். அழைக்கும் உழவர், பயிரின் நடுக்குருத்து காய்ந்து நிற்கிறது, பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடுகிறது என்கிறார். இழுத்த குருத்தின் அடிப்பகுதியைப் புழு தின்றிருக்கிறதா, தண்டில் துளை தெரிகிறதா என்று வல்லுநர் கேட்கிறார். ஆம் என்றதும், அது தண்டுத் துளைப்பான் என்கிறார். குருத்துப்பூச்சிதானே என்று உழவர் தம் சொல்லால் உறுதி செய்துகொள்கிறார். ஆம், அதுவேதான், கதிர் வெளிவரும் பருவத்தில் இதே பூச்சி தாக்கினால் கதிர் வெளுத்துப் பதராகிவிடும், அதன்பின் செய்வதற்கு அதிகம் இல்லை, ஆகவே இப்போதே கவனியுங்கள் என்று விடை நீள்கிறது. அந்தக் கடைசி வாக்கியம் அழைத்தவர் கேட்டதன்று. அது, தம் வயலின் காய்ந்த குருத்தைத் தண்ணீர்க் குறைவு என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெயர் தெரியாத ஒருவருக்காகச் சொல்லப்பட்டது. தமக்கு ஒரு வினா இருக்கிறது என்பதையே அறியாதவருக்கு விடை சென்று சேர்வது இவ்வாறுதான்.

அதே உரையாடலில் மொழிக்கும் ஒன்று நிகழ்ந்தது. தண்டுத் துளைப்பான் என்னும் கலைச்சொல்லும் குருத்துப்பூச்சி என்னும் வழக்குச்சொல்லும் ஒன்றையொன்று சந்தித்தன. கலைச்சொல் அகராதிகள் நம்மிடம் ஏராளம் உண்டு. குழுக்கள் கூடி, வேர்ச்சொல் ஆராய்ந்து ஆக்கிய சொற்கள் அவற்றில் உறங்குகின்றன. ஒரு சொல் நிலைப்பதற்குக் குழுவின் ஒப்புதலைவிட, எதிரில் இருப்பவர் நீங்கள் சொல்வது இதைத்தானே என்று திருப்பிக் கேட்கும் ஒரு நொடி அதிகம் உதவும். எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் விலகி நிற்கும் தமிழ் போன்ற மொழிகளில் இதன் தேவை இன்னும் பெரிது. மேடையும் பாடநூலும் உயர் வழக்கை வளர்க்கின்றன. திரைப்படமும் வேடிக்கைப் பேச்சும் தாழ் வழக்கை வளர்க்கின்றன. வரிப் படிவத்தையும் காப்பீட்டு நிபந்தனையையும் குருதிப் பரிசோதனை முடிவையும் தடுமாறாமல் விளக்கும் இடைப்பட்ட நடை வளர ஒரு பயிற்சிக்களம் வேண்டும். அது இல்லாதபோது படித்தவர்கள் விளக்கம் என்றாலே ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். பிறகு, தமிழிலோ கன்னடத்திலோ மராத்தியிலோ இதைச் சொல்ல முடியாது என்று மொழியின் மீது பழி சுமத்தப்படுகிறது.

பாடநூல் மரபு வலுவாக அமையாத மொழிகளின் நிலை இன்னும் கடினமானது. கோண்டி, துளு போன்ற மொழிகளில் ஒரு மருத்துவரோ வழக்கறிஞரோ அரைமணி நேரம் நடைமுறைச் செய்தியை விளக்கிப் பேசினால், அத்துறையில் அம்மொழிக்குக் கிடைத்த முதல் விளக்க உரைகளுள் ஒன்றாகவே அது அமையக்கூடும்.

இனி, கைப்பேசி பற்றிய மறுப்பு. காணொளிகள் எண்ணற்றவை இருக்கின்றன என்பது உண்மை. தேடுபொறி, வினாவை முன்பே சரியாக அமைத்துக்கொண்டவருக்கே உதவுகிறது. காணொளி, பார்ப்பவரைத் திருப்பிக் கேள்வி கேட்பதில்லை. பேசுபவரின் தகுதியைச் சரிபார்த்து அனுமதித்தவர் என்று பொறுப்பேற்க ஒரு நிலையமும் இல்லை. 2004இல் தொடங்கப்பட்ட உழவர் அழைப்பு மையம் பல மொழிகளில் இலவசமாக விடையளிக்கிறது. அது மதிப்புமிக்க பணி. ஆனால் அங்கே நிகழும் உரையாடல் இருவரோடு முடிந்துவிடுகிறது. ஒரே ஒன்றியத்தில் நூறு பேர் ஒரே பூச்சியைப் பற்றித் தனித்தனியே கேட்டாலும், அது நூறு தனி உரையாடல்களே. அடுத்த வீட்டுக்காரருக்கும் இதே தொல்லை என்று எவருக்கும் தெரியாது. பொதுவில் கேட்கப்படும் வினா, தனித்துன்பத்தைப் பொதுச்சிக்கலாக மாற்றுகிறது. ஓய்வூதியம் வரவில்லை என்று ஒருவர் சொன்னால் அது அவர் விதி. ஒரே மாலையில் பத்துப் பேர் சொன்னால் அது அலுவலகத்தின் குறை.

சமுதாய வானொலி இவ்விடத்தை ஓரளவு நிரப்புகிறது. தெலங்கானாவின் சகீராபாத் பகுதியில் 2008 முதல் ஒலிக்கும் சங்கம் வானொலியை நடத்துவோர் தலித் பெண்கள். சிறுதானியம், விதை சேமிப்பு, மூலிகை எனத் தம் வாழ்வின் அறிவைத் தம் தெலுங்கிலேயே அவர்கள் பேசினர். வல்லுநர் நகரத்திலிருந்துதான் வர வேண்டும் என்னும் பழைய எண்ணத்தை அந்நிலையம் தலைகீழாக்கியது. எனினும் நாடு முழுதும் இத்தகைய நிலையங்கள் ஏறக்குறைய 500 மட்டுமே; ஒவ்வொன்றின் குரலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் அடங்கிவிடுவது. 140 கோடி மக்களின் ஐயங்களை அவற்றின் தோளில் மட்டும் ஏற்றுவது நியாயமன்று.

செய்யக்கூடியவை தெளிவானவை. 2024 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை 234 புதிய நகரங்களில் 730 அலைவரிசைகளை ஏலம் விட ஒப்புதல் அளித்தது; தாய்மொழியில் உள்ளூர் நிகழ்ச்சிகள் பெருகும் என்று அப்போது கூறப்பட்டது. அப்பெருக்கத்தைச் சந்தையின் நற்குணத்துக்கு விட்டுவிடாமல், நாளொன்றுக்கு அரைமணி நேரமேனும் விலைக்கு விற்கப்படாத உள்ளூர் ஆலோசனை என்று உரிமத்தில் எழுதலாம். அலைவரிசை பொதுச்சொத்து என்று 1995இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுச்சொத்தைப் பயன்படுத்துவோரிடம் அரைமணி நேரம் கேட்பது மிகையன்று.

இரண்டாவது பொறுப்பு கல்வி நிறுவனங்களுடையது. இந்தியாவின் சமுதாய வானொலி வரலாறே 2004இல் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் தொடங்கியது. இன்றும் உரிமம் பெற்றவற்றுள் கணிசமானவை கல்வி நிறுவனங்களின் நிலையங்கள். அவ்வளாகங்களில் சட்டம், மருத்துவம், வேளாண்மை, பொருளியல், உளவியல் கற்றவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரு துறை, ஒரு தொலைபேசி எண், எழுதி வைத்துப் படிக்காத விடை என்பது பெரிய செலவன்று. தடை வேறிடத்தில் இருக்கிறது. ஒன்பது பேர் படிக்கும் ஆய்விதழ்க் கட்டுரைக்குத் துறை தரும் மதிப்பை, ஒன்பதாயிரம் பேர் கேட்கும் ஒரு மணி நேரத்துக்குத் தருவதில்லை. ஆய்வாளரும் தம் பொருளைத் தாய்மொழியில் விளக்க நேரும்போது வெளிப்படும் தடுமாற்றத்தை அஞ்சுகிறார். அத்தடுமாற்றமே மொழி வளரும் ஓசை. நேரலையில் ஒரு சொல்லுக்காகத் தயங்கி, அழைத்தவர் எடுத்துக்கொடுக்கும் சொல்லை ஏற்றுக்கொள்ளும் வல்லுநர் எதையும் இழப்பதில்லை.

மூன்றாவது, மொழியியல் துறைகளுக்கே உரியது. பழைய பண்ணை நிகழ்ச்சிகளும் நேயர் கடிதங்களும் தொலைபேசி உரையாடல்களும் நம் மொழிகளின் விளக்க நடை உருவான விதத்துக்கான முதன்மைச் சான்றுகள். இலக்கியச் சுவடிக்குக் காட்டும் பரிவில் ஒரு பங்கையேனும் அவ்வொலிநாடாக்களுக்குக் காட்டலாம். எஞ்சியவற்றைத் தேடித் தொகுத்து எழுத்தாக்க வேண்டும். அவற்றில் மக்கள் எதை, எந்தச் சொல்லால் கேட்டார்கள் என்று ஆராய வேண்டும்.

நம் மொழிகளைப் போற்றிப் பேசும் மேடைகள் குறையவில்லை. ஒரு மொழியின் நலத்தை அறிய, அதில் எத்தனை கவிதைகள் வெளிவந்தன என்பதோடு, சிக்கலில் மாட்டிக்கொண்ட ஒருவர் அம்மொழியில் மட்டுமே கேட்டு, அம்மொழியிலேயே புரிந்துகொண்டு, மறுநாள் காலை சரியான அலுவலகத்தின் சரியான சாளரத்தில் போய் நிற்க முடிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதற்கு வழிசெய்யும் அரைமணி நேரம் இன்றைய அலைவரிசைகளில் இல்லை. அதைக் கேட்டுப் பெறுவதும், கிடைத்தால் அங்கே போய்ப் பேசுவதும் கற்றவர்களின் கடமை.